மூன்றாவது பெயர்

மார்ச் 2, ஞாயிறு

இன்று மதியச் சாப்பாட்டைத் தாசு பாழாக்கினான். சீலாமீன் வாங்கி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, நானே பரிமாறி உட்கார்ந்தேன். "சேசுவே, இந்த உணவை ஆசீர்வதித்தருளும்" என்று தொடங்கியதும் கையைத் தூக்கி நிறுத்தினான். என் வீட்டில், என் மேசையில். நாற்பத்தேழு வயது ஆண்பிள்ளை, போக்குவரத்துப் போலீஸ்காரனைப் போல.

"எம்மா, அது பேரே இல்ல" என்றான். எபிரேய மொழியில் அப்படி ஒரு சொல் கிடையாதாம். உண்மையான பெயர் யஷுவாவாம். அவனுடைய பெயரும் இன்றிலிருந்து சேசுதாசன் இல்லை, ஒபதியாவாம். அர்த்தம் கேட்டேன். யாவின், அதாவது கடவுளின், அடிமை என்றான். சேசுவுக்குத் தாசன் என்று நாங்கள் வைத்ததும் அதைத்தானே சொல்கிறது என்றேன். அவன் மனைவி மெட்டில்டா தண்ணீர் குடிப்பதுபோல் டம்ளருக்குள் சிரித்தாள். சாப்பிடாமல் எழுந்து போனான்.

டயர்க் கடை மாடியில் ஒரு ஜெபக்கூடம். ஏழெட்டுக் குடும்பங்கள். அங்கே நத்தானியேல் என்று ஒரு பிரதர். ஆறு மாதமாக இவன் அங்கே எபிரேய எழுத்து படிக்கிறான். படிக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரு விடுப்பு விண்ணப்பம் பிழையில்லாமல் எழுத வராதவன்.

இது சாப்பாட்டு மேசைச் சண்டையோடு முடிவதாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். முன்னறையில் செலஸ்தீன் மதினி படுத்திருக்கிறார். என் கணவரின் அக்கா. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதினி கேட்பது ஒன்றுதான். மூச்சு அடங்கும் நேரத்தில் தாசு அவர் காதில் மூன்று பெயரையும் சொல்ல வேண்டும். சேசு, மரி, பிறகு மாதாவின் பர்த்தாவான புனிதரின் பெயர். நல்ல மரணத்துக்கு அவர்தான் பாதுகாவலர். அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டே ஆத்துமம் போக வேண்டும் என்பது இந்தக் குடும்பத்தில் வழக்கம். மகன்தான் சொல்ல வேண்டும். மதினிக்குப் பிள்ளை இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலமெல்லாம் தாசுவை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அவர்.

மூன்றாவது பெயரை இங்கே எழுதவில்லை. அது மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன என் கணவரின் பெயரும்கூட. நான் அதைச் சொல்வதும் இல்லை, எழுதுவதும் இல்லை. இதில் விளக்க ஒன்றும் இல்லை.

தாசு சொல்லமாட்டானாம். "பொய்ப் பேர அத்தை காதுல ஊத்தமாட்டேன்" என்கிறான்.

மார்ச் 3, திங்கள்

போர்வெல் மோட்டார் பழுது. ஆள் வந்தான், கழற்றினான், பாதியில் சாப்பிடப் போனவன் திரும்பவில்லை. தாசுவிடம் பேசவில்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

கோவிலில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். நெற்றியைப் பார்த்துவிட்டுத் தாசு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் விடவில்லை. மேசையில் உட்காரவைத்து, உன் பாடத்தை முழுதும் சொல் என்றேன். முப்பது வருடம் வகுப்பில் நின்றவள். பிள்ளை தப்பாகச் சொன்னாலும் முடிக்கும்வரை கேட்பேன்.

சொன்னான். கடவுள் மோசேக்குச் சொன்ன பெயர் நான்கு எழுத்தாம். யோத், ஹே, வாவ், ஹே. வலமிருந்து இடம். பழைய எபிரேயத்தில் உயிர் ஒலிகளை எழுதுவதில்லை. அதனால் அந்த நான்கு எழுத்தை எப்படி வாசிப்பது என்பது வாய்வழியாகத்தான் இருந்தது. யூதர்கள் பயபக்தியால் அதை உச்சரிப்பதை விட்டுவிட்டார்கள். அது வரும் இடத்தில் 'அதோனாய்', அதாவது என் ஆண்டவர், என்று வாசித்தார்கள். அதை நினைவூட்ட 'அதோனாய்' என்ற சொல்லின் உயிர்க் குறிகளை அந்த நான்கு எழுத்தின் கீழே போட்டு வைத்தார்கள். அதைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்துப் படித்து 'யெகோவா' ஆக்கினார்களாம். அதுவும் தப்பு, 'சேசு' அதைவிடத் தப்பு.

"எபிரேயத்துலருந்து கிரேக்கம், அதுலருந்து லத்தீன், அப்புறம் போர்த்துகீசு, அப்புறம் நம்ம கடற்கரை. நாலு கை மாறுன மீனும்மா அது. நாறாம என்ன செய்யும்?"

நன்றாகத்தான் படித்திருக்கிறான். அதுவே எனக்கு இன்னும் எரிச்சல். எருசலேம் கோவிலில் தலைமைக் குரு ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் சொன்ன பெயர், கோவிலோடு சேர்ந்து ஒலியே மறைந்துபோன பெயர், டயர்க் கடை மாடியில் எப்படியடா கிடைத்தது என்று கேட்டேன். பிரதருக்கு வெளிப்படுத்தப்பட்டது என்றான். உயிர் எழுத்தோடா என்றேன்.

உடனே திருப்பி அடித்தான். "ஒங்க கோயில்ல மட்டும் மாத்தலயா? சேசுவ இயேசுன்னு மாத்துனீங்க. —அப்பர வளனார்னு மாத்துனீங்க." கோடு போட்ட இடத்தில் அவன் அந்த மூன்றாவது பெயரைச் சொன்னான்.

அந்த மாற்றங்கள் எனக்கும் பிடித்ததில்லை. அதை அவனிடம் காட்டவில்லை.

மார்ச் 7, வெள்ளி

சாமியார் வந்து மதினிக்கு அவஸ்தைப் பூசுதல், அதாவது கடைசி எண்ணெய், கொடுத்தார். மிகவும் சின்ன வயது. எண்ணெயைத் தொடும்போதுகூட செல்போன் பையில் அதிர்ந்துகொண்டிருந்தது. "இயேசு, மரியா, வளனார்" என்று வேண்டிவிட்டுச் சிலுவைப் பாதை ஜெபத்துக்கு நேரமாயிற்று என்று ஓடினார்.

மதினிக்குக் கண் மங்கல், காது மங்கவில்லை.

"மூணாவதா யாரையோ கூப்பிட்டாரே புதுச்சாமி, யாரு அது?"

"வளனார், மயினி."

"எந்த ஊரு?"

மாதாவின் பர்த்தா என்றேன். மாதாவின் பர்த்தாவுக்கு எப்போது இந்தப் பெயர் வைத்தார்கள் என்று கேட்டார். பெயரைத் தமிழ்ப்படுத்தியிருக்கிறார்கள், ஆள் அதே ஆள்தான் என்றேன்.

"எந்த ஆளு?"

"ஒங்க தம்பிக்கு வச்ச பேரு இருக்குல்லா, அவருதான்."

"எந்தம்பி பேரு வளனாரா? ரெஜினா, ஒனக்குப் புத்தி தடுமாறிட்டு."

அடுப்படியிலிருந்து மெட்டில்டா அந்தப் பெயரை உரக்கச் சொன்ன பிறகுதான் மதினி அடங்கினார். அடங்கி, "அந்தப் பேரத்தான் எனக்குச் சொல்லணும். எவனையும் நம்பிப் போக முடியாது" என்றார். மெட்டில்டா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பால் பொங்குகிறது என்று அவளைத் திட்டினேன். பால் அடுப்பிலேயே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மெட்டில்டா பாத்திரம் துடைத்துக்கொண்டே, "மாமி, அவர் சொல்லாட்டிப் போட்டும், நீங்க சொன்னா என்ன?" என்று கேட்டாள். எனக்கு ஆத்திரம் வந்தது. வேலையைப் பார் என்றேன்.

அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன், பிழையாகப் புரிந்துகொள்ளப்படக் கூடாது என்பதற்காக.

கான்வென்டில் மதர் பெர்னதீன் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது, யாரையும் பெயர் சொல்லித் தெளிவாக அழைக்க வேண்டும் என்பதுதான். 'ஏங்க', 'இங்க பாருங்க' என்பதெல்லாம் அவருக்கு அநாகரிகம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், மாடியில் இருந்த கணவரைச் சாப்பிட வரும்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மதினி கரண்டியைக் கீழே வைத்தார். "வெள்ளக்காரி பள்ளிக்கூடத்துல இதத்தான் படிச்சியா?" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அன்று முடிவு செய்தேன், இனி இந்தப் பெண் என்னிடம் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது என்று. கண்டுபிடிக்கவில்லை.

குடும்ப ஜெபத்தில் சேசு, மரி என்று சொல்லி நான் நிறுத்துவேன். மூன்றாவதை அவரே சொல்லிக்கொள்வார், ஏதோ தன்னையே கூப்பிட்டுக்கொள்வதுபோல, உதட்டோரம் ஒரு சிரிப்போடு. பள்ளிக்கூட வருகைப் பதிவில் அந்தப் பெயருடைய பையன்களை இனிஷியல் சொல்லிக் கூப்பிடுவேன். அவர்களுக்கும் பழகிவிட்டது.

இது மூடப் பழக்கம் இல்லை. ஒழுங்கு. யூதன் அந்த நான்கு எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாயால் வேறு சொல்வதும் ஒழுங்குதான். சாதாரணப் பேச்சில் கடவுளை 'ஹஷேம்' என்பார்களாம், 'அந்தப் பெயர்' என்று அர்த்தம். தாசு ஏளனமாகச் சொன்னான். எனக்கு அதில் ஏளனம் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஆட்டோ பிடித்து டயர்க் கடை மாடிக்குப் போனேன். தாசுவுக்குத் தெரியாது. நத்தானியேல் என்பவர் பயங்கரமான ஆளாக இருப்பார் என்று நினைத்தேன். ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, மின்வாரிய எழுத்தர்போல இருந்தார். நாற்காலி துடைத்துப் போட்டார். சுவரில் அந்த நான்கு எழுத்து, தங்கக் காகிதத்தில் வெட்டி ஒட்டியது. ஹே என்ற எழுத்தின் கால் ஒன்று பசை விட்டுத் தொங்கியது. அதைச் சுட்டிக்காட்டினேன். ஸ்டூல் மேல் ஏறி ஒட்டினார்.

சாகக் கிடக்கிற ஒரு கிழவிக்கு, அவள் தெரிந்த பெயரைக் கேட்டுச் சாகும் உரிமை இல்லையா என்று கேட்டேன். அமைதியாகப் பேசினார். மைக்கேல் என்றால் கடவுளுக்கு நிகர் யார், எலிசபெத்தில் உள்ள 'எல்' கடவுளைக் குறிக்கும், அல்லேலூயாவின் கடைசியில் இருக்கும் 'யா' அவர் பெயரின் சுருக்கம், ஒவ்வொரு பெயரும் ஒரு வாக்கியம் அம்மா என்றார். உங்கள் கணவர் பெயருக்கு 'அவர் இன்னும் கூட்டிக் கொடுப்பார்' என்று அர்த்தம் என்றார். எனக்கு அது தெரியாது. தெரிந்ததுபோல் தலையசைத்தேன்.

பிறகு சொன்னார்: "சரியான பேர் சொல்லாமக் கூப்பிட்டா யாரும்மா திரும்பிப் பாப்பா?"

"கல்யாணமான மறுவாரத்துலருந்து நான் எம் புருசனப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல" என்றேன். "ஒரு தடவகூட அவங்க திரும்பாம இருந்ததில்ல."

அவருக்கு வாயடைத்துப் போகும் என்று நினைத்தேன். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, அதையும் எழுதிவைக்க வேண்டும். "இப்பக் கூப்பிட்டா?" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். மாடிப்படி மிகவும் செங்குத்து. கைப்பிடியும் ஆடுகிறது. இறங்க நேரம் பிடித்தது. முழங்கால் வலிதான் காரணம்.

மார்ச் 12, புதன்

மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் செம்மண்ணாக வருகிறது.

மார்ச் 14, வெள்ளி

தாசு வந்து அடுப்படி வாசலில் நின்றான். "பிரதரப் பாத்தீங்களாமே." ஆமாம், உன் ஆளுக்குத் தங்கக் காகிதம் ஒட்டத் தெரியவில்லை என்றேன். சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான், சின்ன வயதில் உட்காருவதுபோல, கதவில் முதுகைச் சாய்த்து.

"எம்மா, அப்பா காதுல நாந்தான சொன்னேன். மூணு பேரையும் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்பா முகத்துல அமைதி வந்துச்சா? பயந்துகிட்டேதான போனாங்க. நான் பொய்யான பேர்ல கூப்பிட்டிருக்கேன், அதான் யாரும் வரல. அதே மாதிரி அத்தையையும் அனுப்பச் சொல்றீங்களா?"

மூன்று வருடமாக இதை வயிற்றில் வைத்திருந்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. ஒரு பிரதரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அதை நினைக்க நினைக்கக் கொதிக்கிறது.

உன் அப்பாவுக்கு நுரையீரலில் தண்ணீர் கோத்திருந்தது, மூச்சுக்குத் திணறுகிற முகம் பயந்த முகம்போலத்தான் இருக்கும், அது உயிரியல், எட்டாம் வகுப்புப் பாடம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். போகும்போது சொன்னான், "நான் கூப்பிடக் கூப்பிட அப்பா ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க."

அது உண்மை இல்லை. அப்போது நான் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் குழாயைத்தான் பார்த்திருப்பார்.

மூன்று நல்ல கத்தரிக்காய் வைத்திருந்தேன். நறுக்கும்போது கவனமில்லாமல் எல்லாவற்றையும் மிகப் பொடியாக நறுக்கிவிட்டேன். கூட்டுக்கு ஆகாது. துவையலாக்கினேன்.

மார்ச் 17, திங்கள்

மதினிக்கு நினைவு வந்து வந்து போகிறது. கால் வீங்கி, தோல் கண்ணாடிபோல மின்னுகிறது. நினைவு வந்தபோதெல்லாம் ஒரே கேள்வி: "தாசு சொல்லுவாம்லா?"

"சொல்லுவான் மயினி" என்றேன். பொய் சொன்னேன். தவக்காலத்தில்.

மார்ச் 19, புதன்

மதினி இன்று காலை பத்தரை மணியளவில் இறந்துபோனார்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்று அந்தப் புனிதரின் திருநாள். கோவிலில் பாட்டுப் பூசை நடந்துகொண்டிருந்தது. சாமியாருக்கு ஆள் அனுப்பினோம், பீடத்தில் இருக்கிறார், முடிந்ததும் வருவார் என்று பதில் வந்தது. மதினியின் மூச்சு இழுபட ஆரம்பித்துவிட்டது. மெட்டில்டா மெழுகுதிரி ஏற்றி அவர் கையில் பிடித்துக்கொடுத்தாள்.

தாசு வந்தான். குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கட்டிலருகில் முழங்காலிட்டு, அத்தையின் காதோடு வாய் வைத்து, "யஷுவா" என்றான். அன்பில்லாமல் சொன்னான் என்று நான் சொல்லமாட்டேன். குரல் உடைந்துதான் சொன்னான்.

மதினி கண்ணைத் திறந்தார். "ஏல, ஒழுங்காச் சொல்லு."

மறுபடி அதையே சொன்னான். "யாருல அது" என்றார் மதினி. தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினார், கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுவதுபோல. அப்போதுதான் அந்த முகத்தில் பயத்தைப் பார்த்தேன். தாசுவும் பார்த்தான். வாயைத் திறந்தான். திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. எந்தப் பெயரும் வரவில்லை. எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டான்.

எனக்கு வந்த கோபத்தில் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளியிருப்பேன். அதற்கு நேரமில்லை. அவன் முழங்காலிட்ட இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

"சேசு" என்றேன். மதினியின் தலை நின்றது. "மரி" என்றேன்.

அங்கே நின்றுவிட்டேன். வேண்டுமென்று நிறுத்தவில்லை. வாய் தானாக நின்றது. அந்த இடத்தில் இன்னொருவர் சொல்ல வேண்டும் என்று வாய்க்குப் பழக்கம். யாரும் சொல்லவில்லை. மெட்டில்டா அழுதுகொண்டிருந்தாள்.

"ம்" என்றார் மதினி. பாடம் மறந்து நிற்கிற பிள்ளைக்கு எடுத்துக்கொடுக்கும் 'ம்'.

சூசை என்றேன்.

"கேக்கல."

மறுபடியும் சொன்னேன்.

"கேக்கலட்டி. சத்தமா."

சூசை என்றேன். சூசை. தெருவில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள் குரலை நிறுத்தியது எனக்குக் கேட்டது. மறுபடியும் கூப்பிட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசி கடைசியாக நான் கூப்பிட்டது புனிதரைத்தான் என்று எழுதினால், மதர் பெர்னதீன் பொய் என்று இந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்வார்.

மதினி கண்ணை மூடியபடியே சொன்னார்: "சரி, சரி. கேட்டுட்டு. எதுக்குக் கத்துத?"

அதற்குப் பிறகு மூச்சு சாதாரணமாக வந்தது. கொஞ்ச நேரம் வந்தது. பிறகு வரவில்லை. அந்த முகத்தைத் தாசு அருகில் வந்து குனிந்து நெடுநேரம் பார்த்தான். என் மடியில் விழுந்து அழுதான் என்று எழுதினால் அழகாக இருக்கும். அழவில்லை. மெழுகுதிரியை மதினியின் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்து, மெழுகு சிந்திய இடத்தை நகத்தால் சுரண்டித் துடைத்தான்.

மார்ச் 20, வியாழன்

அடக்கம் மூன்றரை மணிக்கு என்று சொல்லி நான்கரைக்கு நடந்தது. தூபக்கலசத்தில் கரி பற்றவில்லை. பாடகர் குழு மூன்றே பேர், அதில் இருவருக்குச் சுருதி சேரவில்லை. தாசு சவப்பெட்டியின் தலைமாட்டைத் தோளில் தூக்கி வந்தான். ஜெபத்தின்போது வாய் திறக்கவில்லை, ஆனால் தள்ளியும் நிற்கவில்லை.

குடும்பக் கல்லறையில் என் கணவருக்குப் பக்கத்தில்தான் மதினிக்கும் இடம். மூன்று வருடத்தில் நான் அங்கே சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் நின்றதில்லை. வருவேன், திரி ஏற்றுவேன், போவேன். இன்று எல்லாரையும் வாசலுக்குப் போகச் சொன்னேன்.

பிறகு திட்டினேன். பெயர் சொல்லித் திட்டினேன். சூசை, மோட்டாருக்கு எந்த ஆள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாயா? சூசை, உன் மகன் மூன்று வருடம் ஒரு பயத்தை விழுங்கிக்கொண்டு திரிந்திருக்கிறான், உன்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா, நீ இருந்திருந்தால்? உன் அக்கா சாகும்வரை என்னை வேலை வாங்கினாள். கூட்டிக் கொடுப்பார் என்று உன் பெயருக்கு அர்த்தமாம், என்னத்தைக் கூட்டிக் கொடுத்தாய் எனக்கு? எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் போனாய். குழாயையா பார்த்தாய் அன்றைக்கு? பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்று என்னிடம் கேட்டிருக்கலாமே, கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

அவரை இவ்வளவு காலமும் 'நீங்கள்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். பெயர் வந்ததும் 'நீ'யும் வந்துவிட்டது. மதினி கேட்டிருந்தால் கரண்டியைக் கீழே வைத்திருப்பார். கேட்டாரோ என்னவோ, பக்கத்தில்தானே.

திரும்பினேன். தாசு வாசலுக்குப் போகவில்லை. இரண்டு கல்லறை தள்ளி, வேப்பமர நிழலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"யார்ட்டம்மா பேசுனீங்க?"

"ஒங்கப்பாட்ட."

கொஞ்ச தூரம் நடந்தோம். என் கையைப் பிடித்துக்கொள்ள வந்தான். தட்டிவிட்டேன். திரும்பவும் பிடித்தான்.

"அப்பா என்ன சொன்னாங்க?"

"அவங்க என்னைக்குல பதில் சொல்லியிருக்காங்க?" என்றேன். "கேட்டுக்கிட்டாங்க."